சுவிட்ச் அணைந்த பிறகும் சுற்றிய சக்கரம்

கோவை
ஞாயிறு இரவு

அன்புள்ள பாலு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் வெள்ளிக்கிழமை கோயிலை மட்டும் விடுவதில்லை. நான் பதிலே போடுவதில்லை என்று தாமோதரனிடம் குறைப்பட்டுக்கொண்டாயாம். பையனுக்குக் காலேஜில் இடம் கிடைத்ததை எனக்குச் சொல்லாமல் விட்டது யார்? அதற்கு நீ முதலில் பதில் சொல்லு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வாரத்துக்கு முன்னால் நம் செல்வத்துக்குப் பட்டறையில் அடிபட்டுவிட்டது. வலது கை ஆள்காட்டி விரலின் நுனி போய்விட்டது.

வாஷர் அடிக்கிற பவர் பிரஸ்தான். நீ வந்திருந்தபோது காதைப் பொத்திக்கொண்டு நின்றாயே, அதே மெஷின். தகடு டையில், அதாவது வெட்டுகிற அச்சில், சிக்கிக்கொண்டது. செல்வம் முதலில் சுவிட்சை அணைத்திருக்கிறான். மோட்டார் சத்தம் அடங்கியதும் கையை உள்ளே விட்டுத் தகட்டை இழுத்திருக்கிறான். குனிந்த வேகத்தில் கால் பெடலில் பட்டுவிட்டது. கரண்ட்தான் நின்றிருந்தது, ஃப்ளைவீல், அந்தக் கனமான சக்கரம், நிற்கவில்லை. பெடல் மிதிபட்டதும் கிளட்ச் சக்கரத்தோடு பிடித்து, மேலிருந்து அடிக்கிற ராம் ஒரே ஒரு தடவை இறங்கியது.

ஆஸ்பத்திரிச் செலவு, சம்பளம் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். அவன் அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சக்கரம் நின்றதா என்று பார்த்துவிட்டுக் கையை விட வேண்டியதுதானே என்று எல்லோரும் அவனையே கேட்கிறார்கள். எப்படிடா பார்ப்பான்? ஃப்ளைவீலுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே சொல்லியிருந்தது. நானும் நல்ல கனத் தகட்டில் ஓட்டையே இல்லாமல் மூடிவைத்திருந்தேன். கை உள்ளே போகாது, அது சரி. ஆனால் உள்ளே சுற்றுகிறதா நிற்கிறதா என்று வெளியே இருப்பவனுக்குத் தெரியவே தெரியாது. இது எனக்கு இத்தனை நாள் உறைக்கவில்லை.

போன வாரம் மூடியைக் கழற்றிவிட்டு, சுவிட்சை அணைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முழுசாக நிற்க 70 நொடி ஆனது. ஒரு இருபது நொடி இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் இவ்வளவு வருஷம் ஓட்டியிருக்கிறேன்.

அன்று ராத்திரி கீர்த்தனாவின் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். திருப்பு விசை என்பது நிலைமத் திருப்புத்திறனையும் (சுழற்சி மாறாமல் சக்கரம் அடம்பிடிக்கிற அளவு) கோண முடுக்கத்தையும் (சுற்றுகிற வேகம் நொடிக்கு எவ்வளவு மாறுகிறது) பெருக்கினால் வருவது. கீல் பக்கம் தள்ளு, கைப்பிடிப் பக்கம் தள்ளு, எது சுலபம் பார் என்று உன் வீட்டுக் கதவை வைத்து நீ எனக்குப் பாடம் நடத்தியது ஞாபகம் வந்தது. இப்போது நான் போட்ட கணக்கைப் பார். தப்பிருந்தால் சிவப்பு மையில் திருத்தி அனுப்பு, உனக்குத்தான் அதில் தனி சந்தோஷமாயிற்றே.

சக்கரம் 200 கிலோ. ஆரம் 40 செ.மீ. எடை முழுக்க விளிம்பிலேயே இருந்தால் நிலைமத் திருப்புத்திறன் 32 வரும், ஒரே கனமுள்ள வட்டத் தகடாக இருந்தால் 16. நம் சக்கரம் இரண்டுக்கும் நடுவில், 24 என்று வைத்துக்கொண்டேன். நிமிடத்துக்கு 120 சுற்று, அதாவது நொடிக்கு 12.57 ரேடியன். 70 நொடியில் நிற்கிறது என்றால் வேகம் நொடிக்கு 0.18 ரேடியன் வீதம்தான் குறைகிறது. அப்படியானால் அதைப் பிடித்து நிறுத்துகிற திருப்பு விசை வெறும் 4.3 நியூட்டன் மீட்டர். பேரிங்கின் உராய்வும் பெல்ட்டின் இழுப்பும் சேர்ந்தே அவ்வளவுதான்.

மோட்டாரை அணைத்தால் தள்ளுவதற்குத்தான் ஆள் இல்லை. நிறுத்துவதற்கும் ஆள் வேண்டும் என்று நான் யோசித்ததே இல்லை, பாலு. சுவிட்சை அணைத்த நொடியில் அந்தச் சக்கரத்தில் ஏறக்குறைய 1,900 ஜூல் இருக்கிறது. 50 கிலோ அரிசி மூட்டையைக் கிட்டத்தட்ட 4 மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் எவ்வளவோ அவ்வளவு. அதற்குக் கீழே அவன் கையை வைத்திருக்கிறான்.

கட்டுப் போட்ட கையோடு செல்வமே கேட்டான், "அண்ணா, சக்கரத்தைக் கனம் கம்மியா மாத்திட்டா?" நல்ல கேள்வி. ஆனால் முடியாது. 2 எச்.பி. மோட்டாரால் அந்தத் தகட்டை அப்படியே வெட்ட முடியாது. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே மோட்டார் சேர்த்துக் கொடுப்பதைச் சக்கரம் வாங்கி வைத்திருந்து, வெட்டுகிற அந்தக் கண நேரத்தில் மொத்தமாகக் கொடுக்கிறது. கனம் போனால் வேலையும் போய்விடும்.

அதனால் பிரேக் போடுகிறேன். 2 நொடியில் நிற்க வேண்டும் என்றால் சுமார் 150 நியூட்டன் மீட்டர் வேண்டும். ஃபிட்டர், ஷாஃப்டிலேயே 10 செ.மீ. ஆரத்தில் ஒரு பிரேக் டிரம் போடலாம் என்றார். அங்கே 1,500 நியூட்டன் உராய்வு விசை வேண்டும், 150 கிலோ எடைக்குச் சமம். சக்கரத்தின் விளிம்பில், 40 செ.மீ. தள்ளி, பிடித்தால் அதில் கால்வாசி போதும். உன் கதவு, கைப்பிடிப் பக்கம்! கணக்கு அப்படி விழுந்தபோது எனக்குச் சத்தம் போட்டுக் கூப்பிட வேண்டும்போல இருந்தது, மணி இரண்டு ஆகிவிட்டதால் விட்டுவிட்டேன். ஆனால் இது உராய்வு விசை மட்டும்தான். உரசிப் பிடிக்கிற பிரேக் ஷூவை எவ்வளவு அழுத்தினால் இது கிடைக்கும், அடிக்கடி பிடித்தால் ஷூவின் மேல் ஒட்டுகிற லைனிங் சூட்டைத் தாங்குமா, இந்த இரண்டையும் நீ பார்த்துச் சொல்ல வேண்டும்.

தகட்டு மூடியை எடுத்துவிட்டுக் கம்பி வலை போட்டாயிற்று. சக்கரத்தின் மேல் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு அடித்திருக்கிறேன். கோடு அசையாமல் நிற்பதைக் கண்ணால் பார்க்கும்வரை யாரும் டை பக்கம் கை கொண்டுபோகக் கூடாது. பார்த்த பிறகும் இடுக்கிதான், கை கிடையாது. பெடலை எடுத்துவிட்டு, இரண்டு கையாலும் சேர்த்து அழுத்துகிற மாதிரி இரண்டு பட்டன் வைக்க ஆள் சொல்லியிருக்கிறேன். அது வரும்வரை அந்த மெஷின் ஓடாது. ஆர்டர் தாமதமாகும், ஆகட்டும்.

செல்வம் அடுத்த வாரம் வேலைக்கு வருகிறேன் என்கிறான். பிரஸ் பக்கம் வேண்டாம், லேத் கற்றுக்கொள் என்றேன். இல்லை அண்ணா, அந்த பிரேக்கை நானே மாட்டுகிறேன் என்கிறான். என்ன சொல்வது என்று தெரியவில்லை.

பொங்கல் லீவுக்கு வா. கணக்கைச் சீக்கிரம் அனுப்பு, ஷூவுக்கு அளவு கொடுக்க வேண்டும்.

உன்,
ரங்கன்