அட்டவணையில் இல்லையென்றால் பதிவே இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முன்னோரைத் தேடுவது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையில், திருமணப் பதிவேட்டின் பெயர் அட்டவணையில் ஒருவர் பெயர் காணப்படாவிட்டால் அங்கே பதிவு இல்லை என்று கொள்ளலாம் என எழுதப்பட்டிருந்தது. நீலகிரியில் நான்கு தலைமுறையாக வாழும் கிறித்தவக் குடும்பத்தைச் சேர்ந்த நான் அதை ஏற்க இயலவில்லை.

என் பாட்டனாரின் திருமணப் பதிவைக் கேட்டு இந்த மலையிலுள்ள ஓர் ஆலய அலுவலகத்துக்கு இரண்டு ஆண்டுகள் நடந்தேன். ஒவ்வொரு முறையும் அட்டவணையைப் புரட்டிவிட்டு 'இல்லை' என்றார்கள். கடைசியில் ஆலயப் பணியாளரான கோயில் பிள்ளை மனமிரங்கிப் பதிவேட்டையே எடுத்துக் கொடுக்க, பக்கம் பக்கமாகப் பார்த்ததில் பதிவு இருந்தது. நம்மவர்க்குக் குடும்பப்பெயர் கிடையாது என்பதை எண்ணாத யாரோ, பாட்டனார் பெயருக்குப் பின்னால் இருந்த அவர் தகப்பனார் பெயரைக் குடும்பப்பெயராக்கி, அந்த எழுத்தின்கீழ் அட்டவணையில் சேர்த்திருந்தார். இரண்டு ஆண்டு அலைச்சலுக்குக் காரணம் அவ்வளவுதான்!

அட்டவணை தருவது பெயரும் ஆண்டும் பக்க எண்ணும் மட்டுமே. பதிவிலோ மணமக்களின் வயது, தொழில், இருப்பிடம், தந்தையர் பெயர், ஓலை வாசித்து, அதாவது ஆலயத்தில் முன்னறிவிப்புச் செய்து, நடந்த திருமணமா என்ற குறிப்பு, சாட்சிகளின் கையொப்பம் எல்லாம் இருக்கும். பழுப்பேறிய மையில் பாட்டி இட்டிருந்த சிலுவைக் குறியையும், அதற்குக் கீழே நடுங்கிய தமிழெழுத்தில் கையொப்பமிட்டிருந்த அவருடைய தாய்மாமனின் ஊர் தாராபுரம் என்றிருந்ததையும் அன்றுதான் கண்டேன். மைசூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள் என்றே அதுவரை வீட்டில் பேச்சு.

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அட்டவணைகளில் எழுத்துக்கூட்டலும் குழப்பும். ஞானமுத்து போன்ற பெயரை 'ஜி' வரிசையிலும் 'என்' வரிசையிலும் பார்க்க வேண்டும். ஊர்ப்பெயரும் அப்படியே, குன்னூரை அடுத்த வெலிங்டன் தொடக்கத்தில் ஜக்கதளா என்றே எழுதப்பட்டது. மெட்ராஸ் மாகாணத்து ஆலயங்களிலிருந்து லண்டனுக்கு அனுப்பப்பட்ட நகல்கள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் 'என்/2' என்ற வரிசையில் உள்ளன. அவற்றில் ஐரோப்பியர் பெயர்களே மிகுதி என்பதால், நம் குடும்பங்களுக்கு உள்ளூர் ஆலயப் பதிவேடே முதல் புகல்.

1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டத்தின் 79ஆம் பிரிவு, பதிவேட்டை வைத்திருப்பவர் உரிய கட்டணம் பெற்றுக்கொண்டு தேட அனுமதிக்கவும், தம் கையொப்பமிட்ட நகல் தரவும் வேண்டும் என்கிறது. ஆகவே அட்டவணையை மட்டும் காட்டித் திருப்பி அனுப்பாமல் பதிவேட்டையே பார்க்க ஆலய அலுவலகங்கள் இசைய வேண்டும். மலைக் காற்றின் ஈரத்தில் தாள்கள் ஒட்டிக்கொள்வதற்கு முன்பாக, மணமகன், மணமகள், இருவரின் தகப்பனார், ஊர் என எல்லாவற்றின்கீழும் தேடக்கூடிய புதிய அட்டவணையைத் தமிழிலேயே எழுதத் தொடங்கினால், எழுதிக் கொடுக்க நானே வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
கோத்தகிரி.