தோடு குத்தும் இடம் வீங்கவேயில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு நலவாழ்வு இணைப்பில், காது சிவந்து வீங்கியதாகக் கேட்டிருந்த பெண்ணுக்கு ஒரே வரியில் பதில் தந்திருந்தீர்கள்: 'கவரிங் தோடு ஒத்துக்கொள்ளவில்லை, தங்கத்துக்கு மாறுங்கள்.' அதற்குக் கீழேயே அரைப்பக்க நகைக்கடை விளம்பரம். பொருத்தம் பார்த்துத்தான் போட்டீர்களோ என்னவோ.

என் மனைவிக்கும் இதையேதான் சொன்னார்கள், கொழுந்தியா முதல் மருந்துக்கடைத் தம்பி வரை. அவள் போட்டிருந்தது கல்யாணத்துக்கு வாங்கிய தங்கத் தோடு. அதை யாரும் கேட்கவில்லை. கழற்றி வைத்தாள், ஆன்டிபயாடிக்கும் சாப்பிட்டாள். இரண்டாம் வாரம் வீக்கம் வடிந்தது. மாத்திரைக்குப் பாதி, தோட்டுக்குப் பாதி என்று பெயரைப் பங்கு போட்டுக்கொண்டோம். தானாக வந்து தானாக அடங்கி, மறுபடி வருகிற நோய் அது என்று அப்போது தெரியாது. தை மாதம் அடுத்த காது. சித்திரையில் கண் சிவப்பு, முழங்கால் வலி. தலையணையில் காதை வைக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்குவாள். குரல் கரகரத்தபோது "மில் தூசிங்க" என்றார் ஒரு டாக்டர். காங்கேயத்துக்காரருக்கு எந்த நோய் வந்தாலும் காரணம் தயாராக இருக்கிறது!

கடைசியில் கோவையில் மூட்டுவாத டாக்டர் ஒருவர் காதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மேல்காதெல்லாம் பழுத்த மிளகாயாட்டம் இருக்குது, தோடு குத்துற சோணை மட்டும் ஏம்மா நல்லாருக்குது?"

தோடு ஆகாவிட்டால் முதலில் புண்ணாக வேண்டியது சோணைதானே? பதினாறு மாதமாக எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. சோணையில் குருத்தெலும்பு கிடையாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே குருத்தெலும்பைத் தாக்குகிற இந்த நோய்க்கு ரிலாப்சிங் பாலிகாண்ட்ரைட்டிஸ் என்று பெயர். 1923-லேயே பிராகா நகரத்து மருத்துவர் ஒருவர் எழுதி வைத்துவிட்டார். ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் மூன்று நான்கு பேருக்கு வரும் என்கிறார்கள். இதற்கென்று தனி ரத்தப் பரிசோதனை இல்லை, பார்க்கிற டாக்டருக்குத் தோன்ற வேண்டும். மூக்குத்தண்டு அமுங்கிப் போகலாம். மூச்சுக்குழாய் வளையங்களும் குருத்தெலும்புதான், அங்கே இறங்கினால் உயிருக்கே ஆபத்து. இவளுக்கு ஸ்டீராய்டில் அடங்கியிருக்கிறது. முகம் உப்பி, சர்க்கரையும் ஏறியிருக்கிறது.

இவ்வளவையும் ஒரு வரியில் அடக்க முடியாது என்பீர்கள். சரி, முடியாது. அப்புறம் எதற்கு அந்த ஒரு வரி?

தவறாக அச்சிடுவது தங்களுக்குப் புதிதல்ல. மூன்று வருஷத்துக்கு முன் கண்ணபுரம் மாட்டுச்சந்தைச் செய்தியில் காங்கேயம் காளை என்று போட்டு, வேறு மாநிலத்து மாட்டின் படத்தை அச்சடித்திருந்தீர்கள். இரண்டு கடிதம் எழுதினேன், பதிலில்லை. உங்கள் பாட்டி வைத்தியப் பகுதியை நம்பி, பூண்டு காய்ச்சிய எண்ணெயை இவள் காதில் ஊற்றியது நான்தான். அதற்கு யாரிடம் கடிதம் எழுதுவது?

வரும் ஞாயிறு, அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் இதை மட்டும் போடுங்கள்: 'சோணையை விட்டுவிட்டு மேல்காது மட்டும் சிவந்து வீங்கி, திரும்பத் திரும்ப வந்தால் மூட்டுவாத மருத்துவரைப் பார்க்கவும்.' மேலே இடமில்லை என்றால் நகைக்கடை விளம்பரத்துக்குக் கீழே போட்டாலும் சரி.

இப்படிக்கு,
முப்பது வருஷச் சந்தாதாரர்,
காங்கேயம்