வேலி இல்லாத மலையில்

அன்பு நண்பா,

நலம். உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. இங்கே ஆடுகள் குட்டி போடும் காலம், உட்கார்ந்து எழுத நேரமே இல்லை. அப்பா இந்த ஆண்டும் ஊர் ஊராக மேய்க்க ஆட்டுக் கிடையோடு கிளம்பிவிட்டார், எழுபது வயதிலும் பேச்சைக் கேட்பதில்லை என்று வருத்தப்பட்டிருந்தாய். அதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில், போரோடேல் பள்ளத்தாக்குக்கு நான் குடிவந்தது உனக்குத் தெரியும். பக்கத்துப் பண்ணைப் பெரியவருக்கு ஒத்தாசையாக விடியலில் போய்வருகிறேன். ஹெர்ட்விக் என்கிற மலைச் செம்மறியாடுகள். குட்டி கன்னங்கறுப்பாகப் பிறக்கும். வளர வளர முகம் வெளுத்து, உடம்பு சாம்பல் நிறமாகிவிடும்.

போன செவ்வாய்க்கிழமை ஓர் ஆட்டுக்குக் குட்டி செத்துப் பிறந்தது. பெரியவர் அதன் தோலை உரித்து, கால்களுக்குத் துளைவிட்டு, தாயில்லாத இன்னொரு குட்டிக்குச் சட்டைபோல் மாட்டினார். ஆடு அதன் வாலடியை முகர்ந்தது. முட்டித் தள்ளியது. மறுபடி முகர்ந்தது. பிறகு அடித்தொண்டையில் மெல்லக் கனைத்தது. குட்டி மடியை முட்டிக்கொண்டு வாலை ஆட்டத் தொடங்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு நாள் கழித்துத் தோலைக் கழற்றினார். அதற்குள் அது அவளுடைய குட்டியாகிவிட்டது.

மேலே மலையில் வேலி கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு பண்ணையின் மந்தையும் தன் எல்லையிலேயே மேய்கிறது. அந்த எல்லையை ‘ஹீஃப்’ என்கிறார்கள். தாயோடு மேயப் போகும் முதல் கோடையில் குட்டி அதைக் கற்றுக்கொள்கிறது. பின்னர் தன் குட்டிக்குக் கற்றுக்கொடுக்கிறது. அதனால் பண்ணை கைமாறினாலும் மந்தை பெரும்பாலும் நிலத்தோடேயே நின்றுவிடும். குழந்தைகளுக்குக் கதை எழுதிய பீட்ரிக்ஸ் பாட்டர் 1943இல் இறந்தபோது 4,000 ஏக்கருக்கு மேல் நிலத்தை, இயற்கை இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். அங்கே ஹெர்ட்விக் மந்தைகள் தொடர வேண்டும் என்பதும் அவருடைய விருப்பம்.

2001இல் கோமாரி பரவியபோது இந்த மாவட்டத்தில் மந்தை மந்தையாக ஆடுகளைக் கொன்றார்கள். இழப்பீட்டுப் பணத்தில் வேறு ஆடு வாங்கலாம். மலையை அறிந்த ஆட்டை எந்தச் சந்தையில் வாங்குவது? புது ஆடுகள் எல்லை பழகும்வரை மேய்ப்பவரே கூட நின்று திருப்பிக்கொண்டிருக்க வேண்டும்.

காது வெட்டு அடையாளம் இங்கேயும் உண்டு. எந்தப் பண்ணைக்கு எந்த வெட்டு, முதுகில் எந்தச் சாயம் என்று 1817லிருந்து புத்தகம் போட்டு வருகிறார்கள். வழிதவறிய ஆடுகளை உரியவரிடம் சேர்க்க இலையுதிர் காலத்தில் கூடுவதும் வழக்கம். உன் அப்பாவுக்குப் புத்தகம் வேண்டியதில்லை, எல்லாம் தலைக்குள் இருக்கிறது. எனக்கு அதுதான் பயம்.

அவரைத் தடுக்காதே. அடுத்த முறை பணம் கொடுக்கப் போகும்போது ஒரு வாரம் கிடையிலேயே தங்கு. அறுவடை முடிந்ததும் எந்த ஊர், அதன்பின் எந்த ஊர், எந்தக் கண்மாயில் தண்ணீர் நிற்கும், யாருடைய காது வெட்டு எது என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வை. தாய் சேர்க்காத குட்டியை அவர் எப்படிச் சேர்க்கிறார் என்பதையும் கேட்டு எனக்கு எழுது. இங்கே பெரியவர் தினமும் விசாரிக்கிறார்.

உன் அன்புத் தோழன்