பச்சையாகவே இருந்த டெஸ்ட்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதத்துக்கு எட்டு மாதங்களாகப் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன், பொறுத்துக்கொள். வீட்டில் அனைவரும் நலம். இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், ஒவ்வொரு டெஸ்டுக்கும் (நிரலைச் சோதிக்கும் சிறு நிரலுக்கும்) முன்பாகத் தானே ஓடி, அதற்குத் தேவையானவற்றைத் தயார்செய்யும் செட்அப் மெத்தட் வேண்டுமா வேண்டாமா என்று நாம் விடிய விடியப் போட்ட சண்டையில் பெரும்பகுதி நியாயம் உன் பக்கமே இருந்தது என்று சொல்ல வேண்டியிருப்பதுதான். இந்த வரியை நம் பெரியவரிடம் காட்டாமல் இருக்க மாட்டாய், தாராளமாகக் காட்டு.

எங்கள் பில்லிங் பகுதியின் டெஸ்ட் கிளாஸில், அதாவது டெஸ்ட்களின் தொகுப்பில், அறுபது டெஸ்ட்கள் இருந்தன. ஒரு வாடிக்கையாளர், மூன்று பொருட்கள் உள்ள கூடை, ஒரு கூப்பன் ஆகிய அனைத்தையும் செட்அப் மெத்தடே உருவாக்கியது. ஒரே வரியை அறுபது இடங்களில் எழுதுவானேன் என்று அன்று உன்னிடம் வாதாடினேனே, அதே எண்ணத்தில் நான் எழுதியதுதான் அது. காலிக் கூடைக்கான டெஸ்ட்களை எழுத வந்த ஒரு பெண், பொருட்களைச் சேர்க்கும் வரியைச் செட்அப்பிலிருந்து எடுத்துவிட்டு, அதனால் சிவப்பான, அதாவது தோற்ற, டெஸ்ட்களில் மட்டும் அவ்வரியைத் திரும்பச் சேர்த்தாள். அவள் இடத்தில் யார் இருந்தாலும் அதையே செய்திருப்பார்கள். ஆனால், காலாவதியான கூப்பனுக்குத் தள்ளுபடி கிடையாது என்பதைச் சரிபார்த்த டெஸ்ட் சிவப்பாகவே இல்லை. காலிக் கூடைக்குத் தள்ளுபடி எப்படியும் பூஜ்யம்தானே! அன்றிலிருந்து அது எதையும் சோதிக்காமல், தேறியதாகக் காட்டிப் பச்சையாகவே நின்றது. பின்னர் வேறொருவர் பில்லிங் நிரலைச் சீரமைக்கும்போது தேதியை ஒப்பிடும் நிபந்தனை விடுபட்டுப்போக, காலாவதியான கூப்பன்கள் எல்லாம் மூன்று வாரங்களுக்குச் செல்லுபடியாயின.

அந்த டெஸ்டைத் திறந்து பார்த்தபோது என்னை உறுத்தியது, அதில் கூடையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்பதே. அதன் முடிவைத் தீர்மானித்த விஷயம் இருநூறு வரிகளுக்கு மேலே, அறுபது டெஸ்ட்களுக்கும் பொதுவான ஓரிடத்தில் இருந்தது. ஒரே வரி பல இடங்களில் திரும்ப வருவதை நான் குற்றமாகக் கருதினேன். டெஸ்டைப் படிப்பவரிடமிருந்து அதன் காரணத்தை மறைப்பது அதைவிடப் பெரிய குற்றம் என்பது எனக்கு அன்று தோன்றவில்லை.

இப்போது பொருட்களுடன் கூடிய கூடையையும் காலாவதியான கூப்பனையும் உருவாக்கிக் கொடுக்கச் சிறு சிறு ஃபங்ஷன்கள் எழுதி, தேவைப்படும் டெஸ்ட் தானே அவற்றை அழைக்குமாறு மாற்றிவிட்டேன். ஒவ்வொரு டெஸ்டும் இரண்டு மூன்று வரிகள் நீண்டுவிட்டது. அந்த நீளம் எனக்கு இப்போது பிடித்திருக்கிறது. அதோடு, அதே கூப்பன் காலாவதியாகும் முன் அதே கூடைக்குத் தள்ளுபடி தருகிறதா என்பதையும் அந்த டெஸ்ட் முதலில் சரிபார்க்கிறது.

ஆனாலும் செட்அப்பையே ஒழித்துவிட வேண்டும் என்ற உன் கட்சிக்கு நான் இன்னும் வரவில்லை. டெஸ்ட்களை ஓட்டும் கருவியான எக்ஸ்யூனிட் டாட் நெட், செட்அப்பை விட்டுவிட்டு, ஆப்ஜெக்ட் உருவாகும்போதே ஓடும் கன்ஸ்ட்ரக்டரைப் பயன்படுத்தச் சொல்கிறது என்பாய். அது ஜேயூனிட் என்ற கருவியைப் போல ஒவ்வொரு டெஸ்டுக்கும் டெஸ்ட் கிளாஸின் புதிய ஆப்ஜெக்டை உருவாக்குவதால் அங்கே அது பொருந்தும். இயல்பாக ஒரே ஆப்ஜெக்டில் கிளாஸின் எல்லா டெஸ்ட்களையும் ஓட்டும் என்யூனிட் என்ற கருவியில், முந்தைய டெஸ்டின் மிச்சத்தைத் துடைக்கச் செட்அப்தான் வேண்டும். எந்த டெஸ்டின் முடிவுக்கும் காரணமாகாத போலிக் கடிகாரம், மெமரியில் இயங்கும் டேட்டாபேஸ் போன்றவற்றை அதிலேயே விட்டுவைத்திருக்கிறேன்.

நம் பழைய திட்டத்தில் தற்காலிகக் கோப்புகள் குவிந்து டிஸ்க் நிரம்பியதே, அதன் காரணமும் பிடிபட்டது. பைத்தான் மொழியின் டெஸ்ட் கருவியான யூனிட்டெஸ்டில் செட்அப் பாதியில் தோற்றால், டெஸ்டுக்குப் பின் சுத்தம்செய்யும் டியர்டவுன் ஓடவே ஓடாது. கோப்பை உருவாக்கிய மறுவரியிலேயே அதை நீக்கும் வேலையை ஆட்கிளீனப் மூலம் பதிந்து வைத்திருந்தால், அதன் பிறகு எது தோற்றாலும் கோப்பு நீக்கப்பட்டிருக்கும்.

டேட்டாபேஸைக் கிளாஸுக்கு ஒருமுறை மட்டும் உருவாக்கினால் எங்கள் டெஸ்ட்கள் விரைவாக ஓடும். ஆனால் ஒரு டெஸ்ட் அதில் எழுதிய பதிவு அடுத்த டெஸ்டுக்குள் கசிந்துவிடுமோ என்று தயங்குகிறேன். ஒவ்வொரு டெஸ்டையும் ஒரு டிரான்ஸாக்ஷனுக்குள் ஓட்டி, முடிவில் ரோல்பேக் செய்வது, அதாவது டேட்டாபேஸில் அது செய்த மாற்றங்களை ஒட்டுமொத்தமாகத் திரும்பப் பெறுவது, உங்கள் குழுவில் போதுமானதாக இருக்கிறதா? என்னைப் போல எட்டு மாதங்கள் எடுத்துக்கொள்ளாமல் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்