அந்த உத்தரவு எந்தத் தேதி வரை?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வாசகர் ஒருவர், ஆள் உயிரோடு இருந்தால்தானே உரிமை, பெருந்தொற்று நேரத்தில் மனித உரிமை பேசுவது வேலையற்ற வேலை என்று எழுதியிருந்தார். அவருடைய கோபம் புரிகிறது, ஆனால் உயிரும் உரிமையும் ஒன்றுக்கொன்று எதிரி என்று அவர் எடுத்துக்கொண்டதை ஏற்க முடியவில்லை.

லி வென்லியாங்கை அதற்குள் மறந்துவிட்டோமா? வூகானில் கண் மருத்துவராக இருந்தவர். 2019 டிசம்பர் 30 அன்று, சார்ஸ் போல ஏதோ பரவுகிறது, ஜாக்கிரதை என்று கூடப் படித்த மருத்துவர்களுக்குத் தகவல் அனுப்பினார். ஜனவரி 3 அன்று போலீஸ் அவரைக் கூப்பிட்டு, பொய் பரப்பினாய் என்று கண்டித்துக் கையெழுத்து வாங்கியது. பிப்ரவரி 7 அன்று அதே நோயில், அதாவது கோவிட்டில், இறந்துபோனார், அந்தக் கண்டிப்பை மார்ச்சில்தான் ரத்து செய்தார்கள். அந்த இடத்தில் பேச்சுரிமை உயிர் காக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

சரி, அதற்காக யாரும் எதற்கும் கட்டுப்பட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஊரடங்கு, தனிமைப்படுத்தல், பயணத் தடை எல்லாமே சில நேரம் தேவைதான். குடிமை, அரசியல் உரிமைகளுக்கான 1966-ஆம் ஆண்டு பன்னாட்டு உடன்படிக்கையின் 4-வது பிரிவே, நாட்டையே அச்சுறுத்தும் நெருக்கடியில் சில உரிமைகளை நிறுத்திவைக்க இடம் கொடுக்கிறது. ஆனால் நெருக்கடியை முறைப்படி அறிவிக்க வேண்டும், நிலைமைக்குக் கண்டிப்பாகத் தேவையான அளவுக்கு மேல் போகக்கூடாது, இனம், நிறம், பால், மொழி, மதம் என்று மட்டும் பார்த்து ஆளுக்கொரு விதி போடக்கூடாது, சித்திரவதை போன்றவற்றுக்கு எந்த நிலையிலும் அனுமதி இல்லை. இதில் நம் கண்ணில் படாமல் போகிற ஒரு வரி உண்டு: நிறுத்திவைத்ததை எந்தத் தேதியில் முடித்துக்கொண்டோம் என்றும் ஐ.நா. பொதுச் செயலாளர் வழியாக மற்ற நாடுகளுக்குத் தெரிவிக்க வேண்டும்.

என் பேச்செல்லாம் அந்தத் தேதியைப் பற்றித்தான். 2020 மார்ச் 30 அன்று ஹங்கேரி நாடாளுமன்றம், அரசாணைகள் மூலமே ஆட்சி நடத்தும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது, காலவரம்பு எதுவும் இல்லாமல். உலகம் முழுக்கக் கண்டனம் வந்து, ஜூனில் அந்தச் சட்டத்தை விலக்கினார்கள் என்றாலும், மருத்துவ நெருக்கடி என்று அறிவித்து அரசு மறுபடி ஆணைகள் போட இன்னொரு சட்டம் கூடவே வந்தது.

செயலிகளின் கதையும் இதேதான். சிங்கப்பூரின் டிரேஸ்டுகெதர் செயலி, நோயாளியோடு பழகியவர்களைக் கண்டுபிடிக்க மட்டும்தான் என்று சொல்லித்தான் மக்களிடம் போனது. குற்ற விசாரணைக்காகப் போலீஸும் அந்தத் தகவலைக் கேட்டு வாங்கலாம் என்பது 2021 ஜனவரியில் வெளியே வந்தது, அடுத்த மாதம் கடும் குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் போட்டுச் சமாளித்தார்கள். நார்வே வேறு மாதிரி நடந்துகொண்டது. அங்கே தரவுப் பாதுகாப்பு ஆணையம் ஆட்சேபித்ததும் 2020 ஜூனில் செயலியை நிறுத்தி, சேர்த்த தகவலையும் அழித்துவிட்டார்கள், டிசம்பரில் ஆளின் நடமாட்டத்தைச் சேமிக்காத புதுச் செயலியோடு திரும்பி வந்தார்கள்.

பயம் இருக்கும் இடத்தில் நோயை மறைப்பார்கள், இது எய்ட்ஸ் காலத்திலேயே பார்த்த பாடம். பரிசோதனைக்குப் போனால் பெயர் வெளியே வரும், வேலை போகும், அக்கம்பக்கம் ஒதுக்கும் என்றால் யார் போவார்கள்? வீட்டிலேயே இருங்கள் என்ற உத்தரவு, வீட்டுக்குள்ளேயே அடி வாங்கும் பெண்ணுக்கு என்னவாக இருந்திருக்கும் என்பதை அந்த வாசகர் கொஞ்சம் யோசிக்கட்டும்.

கோவிட் அவசரநிலை முடிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்றே அறிவித்துவிட்டது. அப்போது போட்ட உத்தரவுகளில் எவை இன்னும் உயிரோடு இருக்கின்றன, சேர்த்த தகவல் யாரிடம் இருக்கிறது என்று உங்கள் நிருபர்கள் நாடுவாரியாகத் தேடி எழுதினால் நன்றாக இருக்கும். அடுத்த முறை இப்படி ஓர் உத்தரவைப் பிரசுரிக்கும்போது, அது எந்தத் தேதி வரை என்பதையும் கூடவே போடுங்கள். தேதி இல்லையென்றால், இல்லை என்றே போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்