கை நுழைக்க வழியில்லாத அங்கி

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

2020 மே மாதம், அமெரிக்கப் பேரிடர் மேலாண்மை முகமையான ஃபெமா, அந்நாட்டின் சுமார் 15,400 நர்சிங் ஹோம்களுக்குக் கொரோனா பாதுகாப்புப் பொருள்களை அனுப்பத் தொடங்கியது. (அங்கே நர்சிங் ஹோம் என்றால் பராமரிப்பு தேவைப்படும் முதியோர் தங்கும் இல்லம், நம்மூர்த் தனியார் ஆஸ்பத்திரி அல்ல.) இல்லத்துக்கு இரண்டு தவணை, தவணைக்கு ஏழு நாள் சரக்கு. வாஷிங்டன் மாநிலத்தின் கிர்க்லாந்தில் ஒரே இல்லத்தோடு தொடர்புடைய 30-க்கும் மேற்பட்ட உயிர்கள் அதற்குள் போயிருந்தன. பெட்டியைப் பிரித்த சில இல்லங்களில் அங்கி என்ற பெயரில் வந்தது தார்ப்பாய் போன்ற நீல பிளாஸ்டிக். தலை நுழைய ஓட்டை உண்டு, கை நுழைய இல்லை. கையுறைகள் சிறுவர் அளவில் இருந்தன. முகக்கவசத்தின் காகித வளையம் காதில் மாட்டியதும் அறுந்தது. நுண்துகளை வடிகட்டும் என்95 முகக்கவசம் அந்தப் பெட்டிகளில் சேர்க்கப்படவே இல்லை. கணக்கில் மட்டும் எல்லாம் அனுப்பியாயிற்று.

நம் முதியோர் இல்லங்களுக்கு அடுத்த முறை பெட்டி கட்டப்போவது யார்? அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து, கருவிகள் வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்துக்குக் கிடங்குகள் உண்டு. முதியோர் இல்லங்களைப் பார்ப்பதோ சமூக நலத் துறை. இந்த இடைவெளியில் அறக்கட்டளைகள் நடத்தும் சிறு இல்லங்கள் விழுந்துவிடும். ஆகவே கணக்கை இப்போதே போட்டு வைக்க வேண்டும்.

30 பேர் தங்கும் இல்லம், ஆறு பேருக்குத் தொற்று என்று வைத்துக்கொள்வோம். உணவு, மருந்து, டயப்பர், புரட்டிப் படுக்க வைத்தல் என்று ஒருவரை நாளைக்குக் குறைந்தது 10 தடவை தொட வேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவைக்கும் புதுக் கையுறை: நாளுக்கு 60 ஜோடி, 14 நாளுக்கு 840 ஜோடி. நூறு கையுறை கொண்ட டப்பாவில் 17 வேண்டும். எல்லாம் 'லார்ஜ்' அளவில் வந்தால் பயனில்லை. நம் பணியாளர்களில் பலருக்கு ஸ்மால், மீடியம்தான் பொருந்தும்.

அங்கியின் கணக்கு அறை அமைப்பைப் பொறுத்தது. ஆறு பேரும் தனித்தனி அறையில் இருந்து, நுழையும்போதெல்லாம் அங்கி மாற்றினால் நாளுக்கு 60 தேவை. அதே தொற்றுள்ள ஆறு பேரை ஒரே கூடத்தில் வைத்து, ஷிஃப்டுக்கு இருவர் வீதம் மூன்று ஷிஃப்ட், சாப்பாட்டு இடைவேளையில் ஒருமுறை மாற்றுவது என்றால் 12 போதும். இரண்டு வாரத்துக்கு 840 எங்கே, 168 எங்கே! ஆனால் அவர்களில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கோ, மருந்துக்கு அடங்காத கிருமியோ இருந்தால் அவரிடமிருந்து அடுத்தவரிடம் போகுமுன் அங்கியை மாற்றியே ஆக வேண்டும்.

'பிபிஇ கிட்' (தொற்றுத் தற்காப்பு உடைத் தொகுப்பு) என்றதும் நம்மவர்கள் தலை முதல் கால் வரை மூடும் வெள்ளை உடையைத்தான் நினைக்கிறார்கள். கோவையிலுள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ராவின் ஆய்வகம் செயற்கை ரத்தம் ஊடுருவுகிறதா என்று சோதித்துச் சான்று தந்தது அந்த உடைக்குத்தான். முதியோர் இல்லத்துக்கு அது சரிவராது. பணியாளர்கள் உள்ளே வெந்து போவார்கள், கழிவறைக்குப் போக முடியாது. கழற்றும்போது வெளிப்புறம் உடம்பில் உரசாமல் இருப்பதும் கடினம். பின்புறம் கட்டும், நீர் புகாத நீளக்கை அங்கியே போதும். சேலைமேல் போட்டாலும் பின்புறம் மூடும் அகலம் இருக்க வேண்டும்.

என்95-இல் வால்வு வேண்டாம். போட்டிருப்பவரின் மூச்சு வடிகட்டப்படாமல் வெளியேறி எதிரே படுத்திருக்கும் முதியவர் மேல் போகும். 2020 ஜூலையில் மத்திய அரசே இதை எச்சரித்தது. தலைக்குப் பின்னால் மாட்டும் இரட்டைப் பட்டை உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். தாடி இருந்தால் எதுவும் பொருந்தாது. தட்டுப்பாட்டில் ஒருவருக்கு ஐந்து கொடுத்து, ஒரு நாள் போட்டதைப் பேர் எழுதிய காகிதப் பையில் வைத்து முறை மாற்றிப் போடலாம். பிளாஸ்டிக் பையில் வைத்தால் ஈரம் தங்கும். ஒன்றை ஐந்து முறைக்குமேல் மாட்டக் கூடாது. பட்டை தளர்ந்தாலோ முகப்பு நனைந்தாலோ அதற்கு முன்பே எறிய வேண்டும். ஷிஃப்டுக்கு இருவர் வீதம் ஆறு பணியாளருக்கு 30, கிழிந்ததற்கும் வந்துபோகும் மருத்துவருக்குமாக இன்னும் பத்து.

கழற்றும் வரிசையைப் பெட்டியின் மூடியிலேயே படமாக ஒட்டுங்கள்: கையுறை, அங்கி, கை கழுவல், முகத்தடுப்பு (முகத்தை மறைக்கும் பிளாஸ்டிக் தகடு), அறையை விட்டு வெளியே வந்தபின் முகக்கவசம், மறுபடி கை கழுவல். கழிவுப் பைகளும் பெட்டியிலேயே இருக்கட்டும்: முகக்கவசத்துக்கு மஞ்சள், கையுறை, முகத்தடுப்பு, பிளாஸ்டிக் அங்கிக்குச் சிவப்பு. மருத்துவக் கழிவு வண்டி ஆஸ்பத்திரிக்கு வரும், முதியோர் இல்லத்துக்கு வராது. அதற்கான ஒப்பந்தமும் முன்கூட்டியே வேண்டும்.

வாங்கிய சரக்கைத் தகரக் கொட்டகையில் போட்டால் எலாஸ்டிக் மக்கும், கையுறை ஒட்டிக்கொள்ளும். மருத்துவப் பணிகள் கழகக் கிடங்கிலேயே வைத்து, பழையதை முதலில் அரசு மருத்துவமனைக்குச் செலவழித்துப் புதியதைக் கிடங்கில் நிரப்புவது எளிது.

மாவட்ட நிர்வாகங்கள் ஒவ்வோர் இல்லத்திடமிருந்தும் ஒரு பக்கத் தாள் கேட்டு வாங்கினால் போதும்: படுக்கைகள், ஷிஃப்டுக்குப் பணியாளர், கையுறை அளவுகள், தனிக் கழிவறையுள்ள அறைகள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைத் திருத்த வேண்டும்.

இப்படிக்கு,
தொற்றுத் தடுப்புப் பணியிலுள்ள செவிலியர்கள்,
கோவை.