அடைப்புக்குறிக்குள் ஓர் எண் போடுங்கள்: வேதியியல் பாடநூல், வினாத்தாள் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். ‘இரும்பு குளோரைடின் வாய்ப்பாட்டை எழுதுக’ என்ற கேள்வி இந்த முறையும் வந்திருக்கிறது. விடைக்குறிப்பில் ஒரே விடை. ஓர் இரும்புக்கு மூன்று குளோரின் எழுதியவருக்கு மதிப்பெண், இரண்டு எழுதியவருக்குச் சுழியம். இரண்டுமே உண்மையில் உள்ள சேர்மங்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பிழை மாணவரிடம் இல்லை, கேள்வியில் இருக்கிறது. இரும்பு, தாமிரம் போன்ற இடைநிலை உலோகத்தின் பெயரை எழுதும்போது ஆக்சிஜனேற்ற எண்ணையும் (சேர்மத்தில் அந்த உலோக அணு இழந்ததாகக் கணக்கிடும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை) அடைப்புக்குறிக்குள் ரோமன் எண்ணாகச் சேர்த்து எழுதுங்கள். ஜெர்மன் வேதியியலாளர் ஆல்ஃபிரட் ஸ்டாக் 1919-இலேயே சொன்ன வழி இது.

ஆய்வகத்தில் இதன் விளைவைப் பாருங்கள். செய்முறைத் தாளில் வெறும் ‘இரும்பு சல்பேட்’ என்று இருக்கிறது. பெர்மாங்கனேட் கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்து, இளஞ்சிவப்பு நிலைக்கும் வரை எவ்வளவு செலவாகிறது என்று அளக்கும் தரம்பார்த்தலுக்கு வேண்டியது இரும்பு(Ⅱ) சல்பேட். ஏழு நீர் மூலக்கூறு கொண்ட வெளிர்பச்சைப் படிகம், மோலார் நிறை 278. 250 மி.லி. 0.1 மோலார் கரைசலுக்கு 6.95 கிராம் போதும். அலமாரியில் பக்கத்துப் புட்டியில் இருப்பது இரும்பு(Ⅲ) சல்பேட். பெயரை மட்டும் பார்த்து அதை எடுத்துக் கரைத்தால், பியூரெட்டிலிருந்து (அளவு குறித்த, திருகுள்ள கண்ணாடிக் குழாய்) விழும் முதல் துளியிலேயே இளஞ்சிவப்பு நிலைத்துவிடும். ஏற்கெனவே +3 நிலையில் உள்ள இரும்பைப் பெர்மாங்கனேட் மேற்கொண்டு ஆக்சிஜனேற்ற முடியாது. மாணவர் பியூரெட்டைத் திரும்பத் திரும்பக் கழுவுவார், அமிலம் போதவில்லையோ என்று இன்னும் சேர்ப்பார். பாடவேளை முடிந்துவிடும். இத்தனைக்கும் காரணம் அச்சில் விடுபட்ட ஓர் எண்.

அந்த எண் எதைக் குறிக்கிறது என்பதையும் பாடநூல் அழுத்திச் சொல்வதில்லை. அது அணுக்களின் எண்ணிக்கை அல்ல, உலோகத்தின் ஆக்சிஜனேற்ற எண்; இங்கே சொல்லும் எளிய சேர்மங்களில் அது உலோக அயனியின் மின்சுமைக்குச் சமம். இரண்டு இரும்பும் மூன்று ஆக்சிஜனும் உள்ள ஆக்சைடைப் பலரும் ‘இரும்பு(Ⅱ) ஆக்சைடு’ என்று எழுதுவது, கீழே உள்ள 2-ஐப் பார்த்துத்தான். கணக்கை எதிரயனியிலிருந்து (எதிர்மின்சுமை கொண்ட அயனி) தொடங்கச் சொல்லுங்கள்: மூன்று ஆக்சைடு, ஒவ்வொன்றும் −2, மொத்தம் −6. அதை ஈடுகட்ட +6 வேண்டும். இரண்டு இரும்புக்குப் பகிர்ந்தால் தலைக்கு +3. ஆகவே இரும்பு(Ⅲ) ஆக்சைடு. இரண்டு தாமிரம், ஓர் ஆக்சிஜன் என்றால் தாமிரம்(Ⅰ) ஆக்சைடு, நிறம் சிவப்பு. ஒன்றுக்கு ஒன்று என்றால் தாமிரம்(Ⅱ) ஆக்சைடு, கறுப்பு.

இன்னொரு கொடுமை, கேள்வியில் புதிய பெயர், விடைக்குறிப்பில் பழைய பெயர். பழைய பெயரின் விகுதி ‘அஸ்’ என்றால் குறைந்த நிலை, ‘இக்’ என்றால் உயர்ந்த நிலை, அவ்வளவுதான். ஃபெர்ரஸ் (இரும்பு) +2, குப்ரஸ் (தாமிரம்) +1. ஃபெர்ரிக் +3, குப்ரிக் +2. ஒரே விகுதிக்கு உலோகத்துக்கு உலோகம் வேறு எண். +2 முதல் +7 வரை போகும் மாங்கனீசுக்கு இந்த இரண்டு விகுதிகளை வைத்து என்ன செய்வது? மனப்பாடம் செய்யும் சுமையைப் பிள்ளைகள் தலையில் ஏற்றிவிட்டு, வேதியியல் கடினம் என்று அவர்கள் ஓடினால் அவர்களைக் குறை சொல்கிறோம்.

கோபத்தில் சற்று நீட்டிவிட்டேன், பொறுத்தருள வேண்டும். கேட்பது சிறிய திருத்தம். பாடநூல், செய்முறைத் தாள், வினாத்தாள், விடைக்குறிப்பு நான்கிலும் உலோகத்தின் பெயரை ஒட்டி, இடைவெளி விடாமல், அந்த ரோமன் எண்ணை அச்சிடுங்கள். எப்போதும் +2 ஆக இருக்கும் துத்தநாகத்துக்கு அது தேவையில்லை என்பதையும் அங்கேயே குறிப்பிடுங்கள். அடுத்த பதிப்பு வரும்வரை, எண் இல்லாத கேள்விக்குப் பொருந்தும் எல்லா வாய்ப்பாடுகளுக்கும் மதிப்பெண் தருமாறு திருத்துவோருக்கு அறிவுறுத்த வேண்டுகிறேன்.

நன்றியுடன்,
வேதியியல் கற்பிக்கும் ஒருவர்